கழித்தால் தெரியும் வானம்

தை மாத இரவு பத்து மணி வாக்கில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மொட்டை மாடியில் நின்று பார்த்தால், ஓரியன் விண்மீன் குழு ஏறக்குறைய உச்சிக்கு வந்திருக்கும். பஞ்சாங்கம் திருவாதிரை என்று சொல்லும் செந்நிற விண்மீன் அதன் ஒரு தோளில் இருக்கும். நடுவில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றுக்குக் கீழே, சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில், ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகம். கேமராவை முக்காலியில் பொருத்தி, அந்தத் திசையில் ஐந்து வினாடி திறந்து வைத்து ஒரு படம் எடுத்தால் என்ன கிடைக்கும்? பழுப்பேறிய சாம்பல் பின்னணியில் சில வெள்ளைப் புள்ளிகள் கிடைக்கும். பத்திரிகையில் பார்த்த இளஞ்சிவப்பு மேகத்தைத் தேட வேண்டியிருக்கும்.

அந்த மேகத்தின் ஒளி படத்துக்குள் வந்து சேர்ந்துதான் இருக்கிறது. கூடவே எர்ணாகுளத்துத் தெருவிளக்கு, வெலிங்டன் தீவின் துறைமுக வெளிச்சம், காயல் காற்றின் ஈரம், கேமராவின் சொந்தச் சூடு, லென்ஸில் ஒட்டிய தூசி என்று பலவும் பதிந்திருக்கின்றன. வானப் படங்களுக்கான மென்பொருள் என்றால் படத்துக்கு அழகு சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி வேலை கழித்தல் கணக்கு. வானத்திலிருந்து வராதது எது, அது எவ்வளவு, அதை எப்படி நீக்குவது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தவருக்கு, வெளிச்சம் மிகுந்த துறைமுக நகரமும் வானத்தைப் படம் பிடிக்க ஏற்ற இடமாகிவிடும்.

கேமரா தானே சேர்ப்பவை

முதலில் கோப்பு. கேமரா தரும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள்தான் உண்டு. கேமரா பதித்ததை அப்படியே சேமிக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள். நெபுலாவின் மெல்லிய விளிம்பு பின்னணியைவிட ஓரிரு படிகளே கூடுதலாக ஒளிர்கிறது. ஜேபெக்கில் அந்த வேறுபாடு எடுக்கும்போதே மறைந்துவிடும். தொலைந்ததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஆகவே வானப் படத்துக்கு ரா கோப்புதான் அடிப்படை.

அடுத்து வெப்பம். கேமரா சென்சாரில் ஒளி படும்போது எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றை எண்ணித்தான் படம் உருவாகிறது. ஒளியே படாவிட்டாலும் சூட்டினால் சில எலக்ட்ரான்கள் தாமாக விடுபடும். சென்சாரின் வெப்பநிலை சுமார் 6 டிகிரி ஏறும்போதெல்லாம் இந்தக் கள்ளக் கணக்கு இரட்டிப்பாகும். கொடைக்கானலில் 8 டிகிரி குளிரில் எடுக்கும் படத்தோடு கொச்சியின் 26 டிகிரியில் எடுக்கும் படத்தை ஒப்பிட்டால், இடையில் மூன்று இரட்டிப்புகள். அதாவது எட்டு மடங்கு.

இதை நீக்கும் வழி எளிது. படம் எடுத்து முடித்தவுடன் லென்ஸை மூடியால் மூடி, அதே ஐ.எஸ்.ஓ. அளவில், அதே வினாடிகளுக்கு, அதே இடத்தில் இருபது முப்பது படங்கள் எடுக்க வேண்டும். இவை டார்க் ஃப்ரேம்கள். வெறும் கறுப்பாகத் தெரியும் இந்தப் படங்களில் கேமராவின் சூடு மட்டும் பதிந்திருக்கும். மென்பொருள் இவற்றின் சராசரியைக் கண்டு ஒவ்வொரு வானப் படத்திலிருந்தும் கழித்துவிடும். புழுக்கத்துக்குப் பயந்து ஏ.சி. அறைக்குள் போய் டார்க் எடுத்தால் கணக்கு பொய்த்துப் போகும். மாடியின் வெப்பநிலை அறைக்குள் இல்லை.

மூன்றாவது லென்ஸ். எந்த லென்ஸும் நடுவில் அதிக ஒளியும் ஓரங்களில் குறைந்த ஒளியும் தரும். தூசி விழுந்த இடத்தில் மங்கிய வளையங்கள் வரும். அந்தி மயங்கும் நேரத்து வெறும் வானத்தையோ, லென்ஸ் மேல் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியின் ஊடாக வரும் சீரான ஒளியையோ படமெடுத்தால் இந்தக் குறைகள் மட்டும் தனியே பதியும். இது ஃப்ளாட் ஃப்ரேம். ஓரத்தில் ஒளி எத்தனை பங்கு குறைகிறது என்பதே இங்கே கேள்வி என்பதால், மென்பொருள் இதைக் கழிப்பதில்லை; வானப் படத்தை இதனால் வகுக்கிறது. பலர் இந்தப் படியைச் சோம்பலில் விட்டுவிடுவார்கள். பிறகு நகர வெளிச்சத்தை நீக்க முயலும்போது, லென்ஸின் குறை எது, ஊரின் வெளிச்சம் எது என்று பிரிக்க முடியாமல் திணறுவார்கள்.

பலவற்றை ஒன்றாக்குதல்

ஒளி சீராக ஓடும் நீரோட்டம் போல வருவதில்லை. ஒளித்துகள்களான போட்டான்கள் தனித்தனியாக, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் வந்து விழுகின்றன. ஒரு பிக்சலில் சராசரியாக 100 போட்டான்கள் விழ வேண்டும் என்றால், ஒரு படத்தில் 92, அடுத்ததில் 109 என்று ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு சராசரியின் வர்க்கமூலம். 100-க்கு 10. இதே போன்ற 16 படங்களைக் கூட்டினால் ஒளி 1,600 ஆகும்; ஏற்ற இறக்கம் 40 மட்டுமே. முதலில் பத்துக்கு ஒன்று என்றிருந்த இரைச்சல், இப்போது நாற்பதுக்கு ஒன்று. 100 படங்களைச் சேர்த்தால் தெளிவு பத்து மடங்கு. படங்களை நான்கு மடங்காக்கினால்தான் தெளிவு இரண்டு மடங்காகும் என்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் பொறுமைக்கு வரும் பலன் குறைந்துகொண்டே போகும்.

சேர்ப்பதற்கு முன் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். பூமி சுழல்வதால் வானம் வினாடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு படத்திலும் பிரகாசமான விண்மீன்களைக் கண்டுபிடித்து, அவை அமைக்கும் முக்கோணங்களை அடுத்த படத்தின் முக்கோணங்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர வேண்டும், எவ்வளவு சுழல வேண்டும் என்று கணக்கிடும். முக்காலியில் வெறுமனே நிற்கும் கேமராகூட இதனால் பயனுள்ளதாகிவிடுகிறது. ஐந்து வினாடிப் படங்கள் 400 எடுத்தால் அரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒளி கையில் இருக்கும்.

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே, வெலிங்டன் தீவில், கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா விமானத்தளம் இருக்கிறது. விமானக் கோடுகளும் செயற்கைக்கோள் கோடுகளும் படத்தில் விழாமல் இருக்காது. ஒரு பிக்சல் 399 படங்களில் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்து ஒன்றில் மட்டும் திடீரென்று பல மடங்கு ஏறியிருந்தால், அந்த ஒன்றை மென்பொருள் ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுக்கும். கோடு தடமின்றிப் போய்விடும்.

வானத்தோடு சேர்ந்து நகரும் தாங்கி வைத்திருப்பவர்களுக்குக் கொச்சி வேறொரு தொல்லை தருகிறது. தாங்கியின் அச்சு வட துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். கொச்சி ஏறக்குறைய 10 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால், துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்திலேயே நிற்கும். அந்தத் திசையில்தான் வைப்பினும் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையமும். அவற்றின் வெளிச்சத்திலும் தென்னை மறைவிலும் அது அகப்படுவது அரிது. இதற்கும் பட ஆய்வே வழி. வானத்தின் எந்தப் பகுதியைப் படமெடுத்தாலும், விண்மீன்களை நான்கு நான்காக எடுத்து அவற்றின் அமைப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டு, படம் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று சொல்லிவிடும் மென்பொருள் இருக்கிறது. தாங்கியைச் சுழற்றி மூன்று இடங்களில் படமெடுத்தால், அச்சு எங்கே நோக்குகிறது என்று கணக்கிட்டு, எவ்வளவு திருப்ப வேண்டும் என்றும் காட்டிவிடும். துருவ நட்சத்திரத்தைப் பார்க்காமலே துருவத்தைப் பிடித்துவிடலாம்.

ஊர் வெளிச்சம்

மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே எர்ணாகுளம், மேற்கே ஃபோர்ட் கொச்சியைத் தாண்டினால் அரபிக்கடல். எனவே படத்தின் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் இருண்டும் இருக்கும். இதை நீக்க, நெபுலாவோ விண்மீனோ இல்லாத வெற்றிடங்களில் பல புள்ளிகளைத் தேர்ந்து, அவற்றின் பிரகாசத்தைக் கொண்டு ஒரு மென்மையான சரிவை வரைந்து, அந்தச் சரிவை முழுப் படத்திலிருந்தும் கழிக்கிறார்கள். சிரிலிலும் கிராக்ஸ்பெர்ட்டிலும் இதற்கு வசதி உண்டு. நெபுலாவின் மங்கிய விளிம்பின் மேல் தவறுதலாகப் புள்ளி வைத்துவிட்டால் அந்த விளிம்பும் ஊர் வெளிச்சம் என்று எண்ணப்பட்டுக் கழிந்துவிடும். இங்கே கண்ணும் நிதானமும் வேண்டும்.

இந்தக் கழித்தலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஊர் வெளிச்சத்தின் சராசரியைக் கழிக்கலாம். அதன் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. கணக்குக்காக, ஒரு பிக்சலில் நெபுலாவிலிருந்து 20 போட்டான்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். இருண்ட மலைப்பகுதியில் பின்னணி வானம் 25 தந்தால், மொத்தம் 45, ஏற்ற இறக்கம் ஏழுக்குள். 20 தெளிவாகத் தெரியும். நகரத்தில் பின்னணி 1,000 என்றால் மொத்தம் 1,020, ஏற்ற இறக்கம் சுமார் 32. நெபுலாவின் 20 அதற்குள் மூழ்கிவிடும். மலையில் ஒரே படத்தில் வரும் தெளிவை நகரத்தில் எட்ட இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் தேவை. நெபுலா இன்னும் மங்கலாக இருந்தால் இந்த எண்ணிக்கை நாற்பதை நெருங்கும். மூணாறுக்கு வண்டி ஏறுவதன் பலனை மென்பொருள் ஈடு செய்யலாம். அதற்கு விலை நேரம்.

வேறொரு வழி, வெளிச்சம் உள்ளே வருமுன்பே தடுப்பது. நெபுலாவின் ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டரிலும், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரிலும் ஒளிர்கின்றன. இந்த இரண்டு குறுகிய பட்டைகளை மட்டும் விடும் வடிகட்டி, எல்.இ.டி. தெருவிளக்கின் பரந்த வெள்ளை ஒளியில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடும். ஆனால் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளேயே இருக்கும் வடிகட்டி ஹைட்ரஜனின் அந்தச் சிவப்பில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. வானப் படத்துக்காகச் சிலர் அதைக் கழற்றிவிடுவது இதனால்தான்.

இருட்டிலிருந்து மேலே

கழித்து, வகுத்து, சேர்த்து முடித்த படத்தைத் திரையில் திறந்தால் அது இன்னும் கறுப்பாகவே இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் மனமுடைவது இந்த இடத்தில். சென்சார் ஒளியை நேர் விகிதத்தில் எண்ணுகிறது. விண்மீன்கள் அளவுகோலின் உச்சியிலும் நெபுலா அடித்தட்டிலும் இருக்கின்றன. நம் கண் அப்படி வேலை செய்வதில்லை. குறைந்த ஒளியில் உள்ள சிறு வேறுபாட்டையும் அது பெரிதாக உணரும். ஆகவே அடித்தட்டு எண்களை விரித்தும் உச்சி எண்களை நெருக்கியும் அளவுகோலை மாற்றுகிறார்கள். ஸ்ட்ரெச்சிங் எனப்படுவது இதுதான். மேகம் வெளிவருவது இந்தக் கட்டத்தில் என்பதால், பார்ப்பவருக்கு இதுவே மாயவேலை போலத் தோன்றும். சரியாகச் செய்தால் இதில் பொய் இல்லை. அதிக ஒளி பெற்ற பிக்சல் அதிகப் பிரகாசமாகவே நீடிக்கும், வரிசை மாறாது, இடைவெளி மட்டுமே மாறும்.

கோள்களுக்கு வேறு கணக்கு

நெபுலாவுக்குப் பகை ஊர் வெளிச்சம் என்றால், வியாழனுக்கும் சனிக்கும் பகை காற்று. அவை நகர வெளிச்சத்தையும் மீறிப் பிரகாசமானவை; ஆனால் மேலே கொந்தளிக்கும் காற்று அவற்றின் உருவத்தைக் கணத்துக்குக் கணம் குலைக்கிறது. இந்த விஷயத்தில் கொச்சி நல்ல இடம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், செவ்வாயும் வியாழனும் சனியும் நடுவானைக் கடக்கும்போது எந்த ஆண்டிலும் 50 டிகிரி உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை. தனுசு ராசியில் நிற்கும் கோளை லண்டன்காரர் 15 டிகிரி உயரத்தில், நேர் உச்சியில் பார்ப்பதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு காற்றின் ஊடாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

உத்தி இது: தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, வினாடிக்குப் பல பத்துப் படங்கள் வீதம் காணொளியாக எடுப்பது. காற்று அவ்வப்போது ஒரு கணம் அமைதியாகும். அப்போது விழும் சில படங்கள் மட்டும் கூர்மையாக இருக்கும். அப்படி நல்ல படம் கிடைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை ஒளியியல் ஆய்வாளர் டேவிட் ஃப்ரீட் 1978-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆட்டோஸ்டாக்கெர்ட் போன்ற மென்பொருள் ஆயிரக்கணக்கான படங்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தும். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மிளகைச் சலித்துத் தரம் பிரிப்பது போல, மேல்தரப் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சேர்க்கும். 2021-இல் புனே நகரின் பதினாறு வயது மாணவர் ஒருவர் 50,000-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து உருவாக்கிய நிலவுப் படம் உலகெங்கும் பேசப்பட்டது. அவர் நம்பியதும் இந்த உத்தியைத்தான்.

வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு முறை சுழன்றுவிடும் என்பதால் மூன்று நிமிடத்துக்கு மேல் காணொளி எடுத்தால் அதன் மேகப் பட்டைகள் கலங்கும். வின்ஜூபோஸ் என்ற மென்பொருள் அந்தச் சுழற்சியையும் பின்னோக்கிக் கணக்கிட்டுச் சரி செய்கிறது. கடைசியில் கூர்மையாக்கல். ரெஜிஸ்டாக்ஸில் இதற்கான ஸ்லைடர்களை இழுத்தால் மங்கலான பட்டைகள் பளிச்சென்று எழும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் கோளின் விளிம்பில் இல்லாத வளையம் ஒன்றும் எழும். ஆர்வலர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

அளவோடு செய்தால் பலன் பெரிது. 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் அந்தோணி வெஸ்லி என்ற கணினி நிரலாளர், தன் வீட்டிலிருந்து எடுத்த வியாழன் படங்களில் தென் துருவத்தருகே ஒரு புதிய கரும்புள்ளியைக் கண்டார். ஏதோ ஒரு வான்பொருள் வியாழனில் மோதியதன் தழும்பு அது. ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதி செய்தது.

மழைக்காலத்து வானம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை கொச்சியில் வானமே தெரியாது. அந்த மாதங்களில் மென்பொருளுக்கு வேலை இல்லாமல் போய்விடாது. வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்தின் கேமரா எடுக்கும் ரா படங்களை, 2016 முதல், யார் வேண்டுமானாலும் இறக்கிச் செம்மை செய்யலாம் என்று நாசா திறந்து வைத்திருக்கிறது. உலகம் வியந்த வியாழன் படங்கள் பலவற்றை ஆர்வலர்களே உருவாக்கினார்கள். இஸ்ரோவும் சந்திரயான்-2 தரவுகளைப் பிரதான் என்ற இணைய வாயில் வழியே பொதுமக்களுக்குத் தருகிறது.

பிறர் எடுத்த படத்திலும் கண்டுபிடிப்பு சாத்தியம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2-இன் விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவில் இறங்கும்போது தொடர்பை இழந்தது. நிலவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் செப்டம்பர் 17 அன்று அந்தப் பகுதியை எடுத்த படத்தொகுப்பு 26-ஆம் தேதி வெளியானது. சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதையும் முந்தைய படங்களையும் இரண்டு மடிக்கணினிகளில் அருகருகே வைத்து ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரே ஒரு வெளிர்ப் பிக்சல், 1.3 மீட்டர் அகல நிலப்பகுதியைக் குறிப்பது, அவர் கண்ணில் பட்டது. நாசாவுக்கு எழுதினார். அக்டோபர், நவம்பர் மாதங்களில் எடுத்த புதிய படங்களைக் கொண்டு எல்.ஆர்.ஓ. குழு சரிபார்த்து, அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பர் 2 அன்று அறிவித்து, அவர் பெயரையும் குறிப்பிட்டது. அவர் கண்ட துண்டு முதன்மை மோதல் இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கே கிடந்தது. அவர் செய்ததும் ஒரு கழித்தல்தான்: பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எஞ்சுவது செய்தி.

எங்கே நிறுத்துவது

இப்போது கைபேசிகளும் இந்த வேலையைத் தாமே செய்கின்றன. கூகுள் 2019-இல் பிக்சல் 4 கைபேசியில் கொண்டுவந்த விண்மீன் பட வசதி, 16 வினாடி வரையிலான படங்கள் பதினைந்தை எடுத்துச் சேர்க்கிறது. இது நாம் மேலே பார்த்த அதே அடுக்கல். சாம்சங் கைபேசிகளின் நிலவுப் படம் பற்றி 2023 மார்ச்சில் எழுந்த விவாதம் வேறு வகை. ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் வைத்துக் கைபேசியால் எடுத்தபோது, திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன. செயற்கை நுண்ணறிவு தான் கற்ற நிலவிலிருந்து விவரங்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

இரண்டுக்கும் இடையில் கோடு போடுவது கடினமல்ல. டார்க் கழிப்பதற்குக் காரணம் சென்சாரின் சூடு. ஃப்ளாட்டால் வகுப்பதற்குக் காரணம் லென்ஸ். சரிவைக் கழிப்பதற்குக் காரணம் எர்ணாகுளத்து விளக்குகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம், அளந்து காட்டக்கூடிய ஓர் அளவு உண்டு. அதே ரா கோப்புகளை இன்னொருவரிடம் கொடுத்தால் அவரும் ஏறக்குறைய அதே மேகத்தை எடுத்துவிடுவார். கைபேசி தானாகச் சேர்த்த பள்ளத்துக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

தொடங்க விரும்புபவர்களுக்கு: சிரில், ஆட்டோஸ்டாக்கெர்ட், கிம்ப் மூன்றும் இலவசம். முதலில் நிலவு, அடுத்து ஓரியன், பிறகு சித்திரை மாத இரவுகளில் தெற்கே 32 டிகிரி உயரத்தில் எழும் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து. தில்லிக்காரர்களுக்கு அது 14 டிகிரிதான் எழும். ரா கோப்புகளையும் டார்க், ஃப்ளாட் படங்களையும் அழிக்காமல் வையுங்கள். படத்தை வெளியிடும்போது எத்தனை வினாடி, எத்தனை படம், எதை நீக்கினீர்கள் என்று கூடவே எழுதுங்கள். காரணம் சொல்ல முடியாத மாற்றம் ஒன்று படத்தில் இருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.